நார்னியா திரைப்படம்: டிகோரியின் லண்டனை 1900-இலிருந்து 1955-க்கு நகர்த்தலாமா?

நூலகப்பூனை:

சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் கதைகளான நார்னியா நூல்கள் ஏழின் படமாக்கும் உரிமையும் 2018 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்திடம் வந்தபோது, ஏழும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வருவது அதுவே முதல் முறை என்று மகிழ்ந்தோம். அதன்பின் ஆண்டுக்கணக்கில் பேச்சுமூச்சு இல்லை. இப்போது கிரேட்டா கெர்விக் இயக்கத்தில் லண்டன் தெருக்களில் படப்பிடிப்பும் நடந்துவிட்டது. முதலில் ஐமாக்ஸ் திரைகளிலும் பிறகு நெட்ஃபிளிக்ஸிலும் படம் வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். அவர் தொடங்கியிருப்பது நாம் எல்லோரும் அறிந்த அலமாரிக் கதையிலிருந்து (‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’) அல்ல. 1955-இல் ஆறாவதாக வெளியாகி, கதையின் காலத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முற்பட்டு நிற்கும், டிகோரி என்னும் சிறுவனின் கதையான ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’விலிருந்து தொடங்கியிருக்கிறார்.

இந்தத் தேர்வில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அலமாரிக் கதை 1967-இல் தொலைக்காட்சித் தொடராகவும், 1979-இல் கார்ட்டூனாகவும், 1988-இல் பிபிசி நாடகமாகவும், 2005-இல் பெரும் பொருட்செலவுப் படமாகவும் வந்துவிட்டது. டிகோரியின் கதையோ இதுவரை ஒருமுறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. உலகங்களுக்கு இடைப்பட்ட அந்த ஓசையற்ற காட்டையும், சில அடிக்கு ஒன்றாகக் கிடக்கும் குட்டைகளையும், சிவந்து கிழடுதட்டிய சூரியனின் கீழ் செத்துக் கிடக்கும் சார்ன் நகரத்தையும் இதற்குமுன் எவரும் படமாக்கவில்லை என்பதே ஒரு பெரிய வாய்ப்பு.

என்னை உறுத்துவது வேறு. படப்பிடிப்பின்போது வெளியான படங்களில் தெரிந்த கார்களும் உடைகளும் 1950-களுக்கு உரியவை. நூலின் முதல் பக்கமோ, ஷெர்லாக் ஹோம்ஸ் பேக்கர் தெருவில் குடியிருந்த காலத்துக் கதை இது என்று சொல்லித்தான் தொடங்குகிறது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகக் கதையை முன்னே தள்ளினால் எதெல்லாம் கூடவே நகரும், எது உடையும் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? எனக்கு உடனடியாகத் தோன்றியவை இரண்டு. டிகோரியின் தந்தை இந்தியாவில் வேலையில் இருக்கிறார். அதனால்தான் நோயுற்ற தாயும் மகனும் லண்டனில் மாமன் வீட்டில் ஒண்டிக் கிடக்கிறார்கள். 1900-இல் ஓர் ஆங்கிலேயர் இந்தியாவில் இருப்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை. 1955-இல் அவர் அங்கே என்ன செய்கிறார் என்று நம் ஊர்ச் சிறுவனே கேட்டுவிடுவான். இரண்டாவது, நார்னியாவைப் பாடிப் படைக்கும் சிங்கமான அஸ்லான் இறுதியில் விடுக்கும் எச்சரிக்கை. நீங்கள் முதுமையடைவதற்குள் பெரிய நாடுகளைக் கொடுங்கோலர்கள் ஆள்வார்கள் என்று 1900-இன் குழந்தைகளிடம் சொல்லும்போது, அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாத ஒன்று வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரியின் கூர்மையே அதில்தான் இருக்கிறது. ஹிட்லர் செத்துப் பத்தாண்டு ஆனபின் அதே எச்சரிக்கையைச் சொன்னால், அது நடந்து முடிந்த செய்தி ஆகிவிடாதா?

செங்கல்சூளை:

நூலகப்பூனை அவர்களே, எச்சரிக்கையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் அஸ்லான் முதலில் சொல்வது கொடுங்கோலர்களைப் பற்றியே அல்ல. சார்ன் நகரத்து அரசி ஜேடிஸ் உச்சரித்த அந்த ஒற்றைச் சொல்லுக்கு நிகரான தீய ரகசியம் ஒன்றை உங்கள் இனத்திலும் எவனாவது கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் முதல் பாதி. தன்னைத் தவிர உயிருள்ள அனைத்தையும் ஒரு நொடியில் அழிக்கும் சொல், அதைத் தோற்கும் தறுவாயில் பயன்படுத்திய அரசி, எல்லாம் என் குடிமக்கள்தானே என்று அதற்கு அவள் சொல்லும் நியாயம் ஆகியவற்றை 1955-இல் வாசித்த எந்த ஆங்கிலேயருக்கும் அணுகுண்டு நினைவுக்கு வராமல் இருந்திருக்க வழியில்லை. பிரிட்டன் தன் முதல் அணுகுண்டை 1952 அக்டோபரில் வெடித்துப் பார்த்தது. ஹைட்ரஜன் குண்டு செய்யப்போகும் முடிவை, இந்த நூல் வெளியான அதே 1955-இன் பிப்ரவரியில் வெளிப்படையாக அறிவித்தது.

ஆகவே கதையை நூல் வெளியான ஆண்டுக்கு அருகில் கொண்டுவருவதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. லூயிஸ் 1900-இன் திரையைப் போட்டு மறைத்துப் பேசிய அச்சத்தை, அந்த அச்சம் உண்மையிலேயே நிலவிய தெருவில் நிறுத்திப் பேசலாம். போரின்போது பிறந்து, குண்டு விழுந்த மனைகளில் விளையாடி வளர்ந்த இரு குழந்தைகள் சார்ன் நகரத்தின் இடிபாடுகளுக்குள் நுழைந்தால், அவர்கள் அதை வேடிக்கை பார்க்க மாட்டார்கள். அது அவர்களுக்குப் பழகிய காட்சியாக இருக்கும். பரண் வழியாக அவர்கள் தேடிப்போகும் அந்த ஆளில்லாத வீட்டுக்கும் 1955-இல் ஒரு காரணம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

தந்தையை எங்கே அனுப்புவது என்பது திரைக்கதையில் ஒரு வரியில் முடியக்கூடிய சங்கதி. அதற்காக நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

பழம்பஞ்சாங்கம்:

இருவரும் மிக முக்கியமான ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். டிகோரி கிர்க் இந்த நூலோடு முடிந்துபோகும் பாத்திரம் அல்லர். போர்க்காலத்தில் லண்டனின் குண்டுவீச்சுக்கு அஞ்சி நான்கு குழந்தைகள் நாட்டுப்புறத்து வீடொன்றுக்கு அனுப்பப்படுகிறார்களே, அந்த வீட்டின் பேராசிரியர் இவரேதான். நார்னியாவிலிருந்து கொண்டுவந்த ஆப்பிளின் விதையிலிருந்து லண்டன் வீட்டின் பின்புறத்தில் முளைத்த மரம் புயலில் சாய்ந்தபோது, அதை எரிக்க மனமில்லாமல் அலமாரியாகச் செய்து வைத்தவரும் இவரே. லூயிஸ் விட்டுச்சென்ற காலவரிசைக் குறிப்பின்படி டிகோரி பிறந்தது 1888-இல், உலகங்களுக்கு இடையே போய்வந்தது 1900-இல், அலமாரிக்குள் குழந்தைகள் நுழைந்தது 1940-இல்.

1955-இல் சிறுவனாக இருப்பவன் 1940-இல் நரைத்த பேராசிரியராக இருக்க இயலாது. அப்படியானால் அடுத்த படத்தில் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். நான்கு குழந்தைகளை 2000-க்குப் பிறகான ஏதோ ஒரு காலத்துக்கு இழுத்துவர வேண்டும். அப்போது குண்டுவீச்சும் வெளியேற்றமும் போய்விடும். அல்லது பேராசிரியர் வேறு, டிகோரி வேறு என்று ஆக்க வேண்டும்; அப்போது அலமாரிக்கும் ஆப்பிளுக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். ஏழு நூல்களையும் ஒன்றாகத் தைத்திருக்கும் நூலிழை இதுதான். தந்தையின் வேலையைப் போல ஒரு வரியில் இதைச் சரிசெய்துவிட முடியாது.

(இடையில் ஒரு மனக்குறை. மேற்படி குறிப்பின்படி 1940-இல் பேராசிரியருக்கு வயது 52 மட்டுமே. நூலோ அவரை மிகவும் வயதானவர் என்கிறது. அந்த வயதைக் கடந்துவிட்ட வாசகன் என்ற முறையில் இதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.)

செங்கல்சூளை:

ஐயா, மேற்படி காலவரிசை லூயிஸ் கதைகளை எழுதும்போது சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு எழுதியது அல்லவே. அலமாரிக் கதையை எழுதிய காலத்தில் பேராசிரியருக்கு இப்படியொரு பால்யம் இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அதை முடித்த கையோடு இந்நூலைத் தொடங்கி, ஓடாமல் ஒதுக்கிவைத்து, ஏழில் கடைசியாகத்தான் இதை முடித்தார். பின்னால் சேர்த்துத் தைத்த தையலை இன்னொருவர் பிரித்துத் தைப்பதால் துணி கிழிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

பழம்பஞ்சாங்கம்:

அவர் பின்னால் தைத்தார் என்பதால்தான் அந்தத் தையல் அவ்வளவு வலுவாக இருக்கிறது. முதல் நூலில் காரணமே சொல்லாமல் விட்ட மூன்று பொருள்களுக்கு இந்நூலில் காரணம் தருகிறார்: காட்டின் நடுவே எரியும் தெருவிளக்கு, அலமாரி, அலமாரிக்குள் குழந்தைகள் போய்வந்ததைச் சட்டென்று நம்பிவிடும் பேராசிரியர். விளக்கு 1955-இலும் தப்பித்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். லண்டனின் சில தெருக்களில் வாயு விளக்குகள் இன்றைக்கும் எரிகின்றன. ஜேடிஸ் அதன் இரும்புக் கம்பியை முறித்துக் கையில் எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. வண்டியோட்டி ஃபிராங்கும் அவருடைய குதிரையும்கூட ஒருவாறு தப்பலாம், ஏனெனில் பழைய சாமான் வாங்கும் குதிரை வண்டிகள் அக்காலத்து லண்டனில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தப்பாதது பேராசிரியர் மட்டும்.

முற்றத்துமுல்லை:

ஆண்டுக் கணக்கில் நீங்கள் எல்லோரும் மூழ்கியிருக்கும்போது, இந்நூலின் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த அறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. டிகோரியின் தாய் மேபல் படுத்திருக்கும் அறையைச் சொல்கிறேன்.

கதையில் டிகோரி அறிமுகமாகும்போதே அழுது அழுக்கான முகத்தோடுதான் வருகிறான். தாய் சாகப்போகிறாள் என்பது பக்கத்து வீட்டுச் சிறுமி பாலியிடம் அவன் சொல்லும் முதல் சில செய்திகளில் ஒன்று. பிறகு ஒருநாள், நலம் விசாரிக்க வந்த ஒரு பெண்மணி திராட்சைப் பழம் கொண்டுவருகிறார். லெட்டி சித்தி அதை வாங்கிக்கொண்டு, இளமையின் நாட்டிலிருந்து பழம் வந்தால்தான் இனி அவளுக்குப் பயன்படும், இந்த உலகத்தில் உள்ள எதுவும் உதவாது என்ற பொருளில் பெருமூச்சோடு பேசுகிறார். பெரியவர்கள் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு மறந்துபோகும் பேச்சு அது. ஆனால் ஒளிந்து கேட்கும் அந்தச் சிறுவனுக்கு வேறு உலகங்கள் இருப்பது தெரியும். அவன் சட்டைப்பையில் அவற்றுக்குப் போகும் மோதிரம் இருக்கிறது. ‘இந்த உலகத்தில்’ என்ற சொற்களை அவன் அப்படியே பிடித்துக்கொள்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் அவன் செய்வது ஒவ்வொன்றும் இந்த நினைப்பின் வழியாகத்தான் நடக்கிறது.

லூயிஸின் தாய் ஃபுளோரா 1908 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தபோது லூயிஸுக்கு ஒன்பது வயது. தாய் பிழைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட சிறுவன், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து ஒரு கதையில் தாயைப் பிழைக்க வைக்கிறான். அதையும் எளிதாகச் செய்யவில்லை. அஸ்லான் பறித்துவரச் சொன்ன ஆப்பிள் கையில் இருக்கும்போது, இதைத் திருடிக்கொண்டு நேராக உன் தாயிடம் போ என்று ஜேடிஸ் தூண்டுகிறாள், அவன் தடுமாறுகிறான். பாலியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாமே என்று அவள் வாய் தவறிச் சொல்லும் இடத்தில்தான் அவனுக்கு அவளுடைய தன்மை விளங்குகிறது. பழத்தை அஸ்லானிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கத் துணிந்தபின்தான் தாய்க்கான பழம் கிடைக்கிறது.

எனவே என் கேள்வி, 1955-இல் இந்த அறை எப்படி இருக்கும் என்பதே. பிரிட்டனில் 1948 முதல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்துவிட்டது. நோய் முற்றிய தாயை மருத்துவமனையில் வைத்திருப்பார்களா, வீட்டில் வைத்திருப்பார்களா? வீட்டில் படுக்கை இல்லாவிட்டால், சிறுவன் படியேறிப் போகும்போது மூடிய கதவைக் கடந்து போக வேண்டிய நிலை இருக்காது. மாமன் பேச்சை நிறுத்துவதற்கு, உன் தாய்க்குச் சத்தம் ஆகாது, அதிர்ச்சி ஆகாது என்று பயமுறுத்துவதும் நடக்காது. ஆண்ட்ரூ மாமா அவனை அடக்கிவைப்பதே அந்த ஒரு பயத்தைக் கொண்டுதான்.

நூலகப்பூனை:

முல்லை அவர்கள் எழுதியதைப் படித்தபின், ஆண்டுக் கணக்கைப் பற்றிய என் கேள்வி சற்றே சிறியதாகத் தெரிகிறது. தாயின் பாத்திரத்துக்குக் கேரி மல்லிகன் தேர்வாகியிருப்பதாகச் செய்தி வந்தபோது, இரண்டே காட்சியில் படுத்திருக்கும் பாத்திரத்துக்கு இவ்வளவு பெரிய நடிகை எதற்கு என்று வியந்தேன். நூலில் மேபல் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. மகனுடைய பார்வையில் ஒரு தலையணையும் மெலிந்த முகமுமாகத்தான் தெரிகிறார். அவருக்குக் கெர்விக் கூடுதல் இடம் தருகிறார் என்றால், அந்த அறை படத்தில் நிச்சயம் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. தாயோடு நாம் அதிகம் பழகிவிட்டால், அவர் பிழைப்பது ரசிகர்களுக்கான பரிசாகிவிடும். நூலில் அது டிகோரிக்கு மட்டுமே உரியது.

செங்கல்சூளை:

மருத்துவம் பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் நூல் நோயின் பெயரைச் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 1955-இலும் கைவிரித்துவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவர்கள் இருந்திருப்பார்கள். எல்லா வசதியும் வந்துவிட்ட காலத்திலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று கேட்க நேர்வது, வசதியே இல்லாத காலத்தில் கேட்பதைவிடக் கொடியது. லெட்டி சித்தியின் அந்த வாக்கியம் அங்கே இன்னும் கனமாக விழும் என்பது என் துணிபு.

ஏழாம்மணி:

நான் அஸ்லானைப் பற்றி மட்டும் பேச வருகிறேன். நடிகை மெரில் ஸ்ட்ரீப் அவருக்குக் குரல் கொடுக்கக்கூடும் என்று 2025 ஏப்ரலில் செய்தி கிளம்பியதிலிருந்து, எங்கு பார்த்தாலும் ஆண் சிங்கமா பெண் சிங்கமா என்ற ஒரே சண்டைதான். ஆசிரியரின் கருத்து என்ன என்று தேடுபவர்கள் அவர் 1959 டிசம்பரில் எழுதிய கடிதத்தைப் பார்க்க வேண்டும். பிபிசி வானொலித் தயாரிப்பாளர் லேன்ஸ் சீவ்கிங்குக்கு எழுதியது. இதே நூலின் வானொலி வடிவத்தை ஒட்டி எழுந்த கடிதம் அது என்பதால் நம் பேச்சுக்கு நேரடியாகவே பொருந்துகிறது. வானொலியில் அவருக்கு மறுப்பு இல்லை. தொலைக்காட்சிக்குத்தான் கண்டிப்பாக மறுக்கிறார். பேசும் விலங்குகளைக் கண்ணெதிரே கொண்டுவந்தால் அது கோமாளித்தனமாகவோ கெட்ட கனவாகவோ முடியும் என்பதும், மனிதன் வேடமிட்டு வரும் அஸ்லான் தனக்குத் தெய்வ நிந்தனையாகப் படும் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். கார்ட்டூனாக எடுத்தால் வேறு விஷயம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்.

பிபிசி 1988-இல் எடுத்த நாடகத்தைப் பார்த்தவர்கள் அவர் அஞ்சியதில் தவறில்லை என்று சொல்வார்கள். உள்ளே ஆள் இருந்து இயக்கிய பொம்மைச் சிங்கம் அது. வாய் திறக்கும்போதெல்லாம் தாடை தனியாக ஆடும். கணினி வரைகலையின் உதவியோடு 2005-இல் வந்த சிங்கம் பார்வைக்குக் குறையில்லாதது, லியம் நீசனின் குரலும் பொருந்தியது. ஆனால் அந்தப் படங்களில் அஸ்லான் பேசினார், கர்ஜித்தார். இங்கே அவர் பாட வேண்டும்.

எல்லாமே இருட்டாக இருக்கும் இடத்தில், சொற்கள் இல்லாத, ராகம் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு குரல் எழுகிறது. அதற்கு மேலே விண்மீன்கள் ஒரே நொடியில் தோன்றிச் சேர்ந்து பாடுகின்றன. பாட்டு மாற மாற மலையும் புல்லும் மரமும் முளைக்கின்றன. அந்த இருட்டில் வண்டியோட்டி பயத்தைப் போக்குவதற்காக அறுவடைப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஆண்ட்ரூ மாமாவின் காது. பாடுவது ஒரு சிங்கம் என்று கண்ட கணத்திலேயே, சிங்கம் பாடாது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். சொல்லச் சொல்ல, அவருக்குக் கர்ஜனை மட்டுமே கேட்கத் தொடங்குகிறது. பிறகு விலங்குகள் பேசும்போது குரைப்பும் உறுமலுமே அவர் காதில் விழுகின்றன. அவரைப் பிடித்து மரம் என்று எண்ணி விலங்குகள் நட்டு நீர் ஊற்றும் வேடிக்கைக்கே அதுதான் காரணம்.

அச்சில் இதை விவரித்துத்தான் சொல்ல முடியும். திரையிலோ ஒரே ஒலியைச் சிறுவனுக்கு ஒருவிதமாகவும் மாமனுக்கு வேறுவிதமாகவும் கேட்கச் செய்யலாம். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். பெரிய திரையும் நல்ல ஒலியமைப்பும் உள்ள அரங்குகளை முதலில் தேர்ந்தெடுத்திருப்பது இந்தக் காட்சியை மனத்தில் வைத்துத்தான் என்றால், ஸ்ட்ரீப்பா வேறொருவரா என்பதை நான் பொருட்படுத்தவே மாட்டேன்.

பழம்பஞ்சாங்கம்:

பெண் குரல் அஸ்லான் என்பது வெறும் குரல் தேர்வு இல்லை என்று நினைக்கும் பழைய வாசகர்களில் நானும் ஒருவன். ஏழு நூல்களிலும் ‘அவன்’ என்றே வழங்கப்படும், கிறிஸ்துவின் சாயலோடு படைக்கப்பட்ட பாத்திரம் அது. ஆயினும் பாட்டைப் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் கலையைப் பேசியாகிவிட்டது, கொஞ்சம் காசையும் பேசுவோம். 2005-இல் வந்த படம் உலகெங்கும் ஏறத்தாழ 74.5 கோடி டாலர் ஈட்டியது. 2008-இல் இரண்டாவது படத்துக்கு 22.5 கோடி செலவழித்து 42 கோடியை ஒட்டித்தான் எடுத்தார்கள்; டிஸ்னி அத்தோடு கைகழுவிக்கொண்டது. மூன்றாவது படத்தை 2010-இல் ஃபாக்ஸ் வெளியிட்டும் தொகை அதே அளவில் நின்றது, நான்காவது படம் பேச்சோடு போயிற்று. கதாநாயகக் குழந்தைகள் நூலுக்கு நூல் மாறும் தொடரை ஒரே குடும்பத்தின் கதை என்று விளம்பரப்படுத்தியதன் விளைவு இது என்பது என் கணிப்பு. டிகோரி கதையில் தொடங்கினால், மாறாமல் வருபவர் அஸ்லான் ஒருவரே என்பதை ரசிகர்கள் முதல் படத்திலேயே பழகிக்கொள்வார்கள். ஏழு படங்களும் வரும் என்று யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். இரண்டு படங்களுக்குக் கெர்விக் ஒப்பந்தமானதாக 2023-இல் செய்தி வந்தது.

தினைப்புனம்:

இந்த விவாதத்தை ஆர்வத்தோடு படித்துவந்தேன். என் மகளுக்குப் பத்து வயது. நார்னியாவை இன்னும் தொட்டதில்லை. படம் வருவதற்குமுன் ஏதாவது ஒன்றைப் படிக்கவைக்க விரும்புகிறேன். கடையில் கிடைக்கும் தொகுப்பில் டிகோரி கதைக்கு 1 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். படத்தின் வரிசையும் அதுவே என்பதால் அதிலிருந்தே தொடங்கலாமா?

பழம்பஞ்சாங்கம்:

வேண்டாம், அம்மா. அந்த எண் 1990-களில் பதிப்பாளர் மாற்றிப் போட்டது. நூல்கள் வெளிவந்த வரிசையில் அது 6. கதைக்கால வரிசையை ஆதரித்து லூயிஸே 1957-இல் ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதினார் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். எழுதியது உண்மைதான், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்திருக்கிறார்.

1950-இல் வெளியான அலமாரிக் கதையை முதலில் கொடுங்கள். பனி பெய்யும் காட்டின் நடுவில் விளக்கு எரிவதைக் கண்டு அந்த நான்கு குழந்தைகளில் ஒருத்தியான லூசி திகைக்கும்போது உங்கள் மகளும் காரணம் தெரியாமல் திகைக்கட்டும். அதை முடித்ததும் டிகோரி கதையைக் கொடுங்கள். 15 அத்தியாயம்தான், இரவுக்கு ஒன்றாகப் படித்தாலும் படம் வருவதற்குள் முடிந்துவிடும். பாலின் பெயின்ஸ் வரைந்த கோட்டோவியங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், படத்தின் முகங்களை அட்டையில் போட்ட பதிப்பு வருவதற்கு முன்னால்.